உப்பில்லாமல் செஞ்சிக்குப் போன பஸ்

ஆரோக்கியசெல்விக்கு டூர் என்றால் வேளாங்கண்ணிதான். கல்யாணமான வருஷம் ஒரு தடவை, பிள்ளை தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு தடவை, மகள் ஆஷ்லின் பிறந்ததும் மொட்டை போட ஒரு தடவை. மூன்று தடவையும் மாதாவைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள், திரும்பி வந்தாள். சும்மா மலை பார்க்கவும் பழைய கோட்டை பார்க்கவும் பஸ் ஏறுவது ஐம்பத்து நாலு வயதில் இதுதான் முதல் தடவை.

ஏற்பாடு ராமதாஸுடையது. மரக்காணம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. பாத்திகளில் உப்பு இருந்த இடத்தில் வானம் தெரியும், கொக்கு நிற்கும், அவ்வளவுதான். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கடித்துக்கொள்வதற்குப் பதிலாக ஒரு நாள் ஊர் பார்த்துவிட்டு வரட்டும் என்று அவர் பஸ் பேசினார். சனிக்கிழமை காலையில் கிளம்பி, பெருமுக்கல் மலை ஏறி, செஞ்சிக் கோட்டை பார்த்து, வழியில் மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவது. நாற்பத்தெட்டு பேர். அதில் நாற்பது பேர் உப்பை வாரியோ சுமந்தோ பிழைப்பவர்கள். சமையல் பொறுப்பு ஆரோக்கியசெல்விக்கு. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, பதினாலு வயதில் தலையில் உப்புக்கூடை ஏற்றியவள் அவள். மாதா கோயில் பங்குத் திருவிழாச் சாப்பாட்டுக்கு வருஷா வருஷம் கரண்டி பிடிப்பதும் அவளே. எத்தனை பேர் வந்தாலும் அவள் கை அளவு தவறாது என்று பேர்.

ஆனால் பஸ் ஏறும்போது அவள் மனசு சமையலில் இல்லை. கையில் இருந்த மஞ்சள் பையில் இருந்தது. பைக்குள் ஒரு கவுளி வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டுப் பொட்டலம். எல்லாம் அன்னமேரிக்கு.

அன்னமேரி அவள் நாத்தனார், புருஷன் மார்ட்டினுக்கு மூத்தவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஷ்லினுடைய மூன்று மாதக் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக அத்தைதான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஞானஸ்நானமே இப்போது வேண்டாம் என்று ஆஷ்லின் சொல்லிவிட்டாள். அத்தைதான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனவள், அத்தைதான் அவளுக்குப் பேன் பார்த்தவள். பங்குச் சாமியாரோ, ஞானத்தாய் பேரைச் சனிக்கிழமை சாயந்திரப் பூசைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதாவது பஸ் ஊர் திரும்பும் நேரத்துக்குள். சிக்கல் என்னவென்றால், ஆரோக்கியசெல்வியும் அன்னமேரியும் பேசிக்கொண்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு முட்டை. நாலு வருஷத்துக்கு முன்னால் மார்ட்டின் வீடு கட்டி, சாமியார் வந்து மந்திரித்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார்கள். எல்லா இலையிலும் முட்டை இருந்தது. அன்னமேரியின் இலையில் இல்லை. பரிமாறியவர் தாண்டிப் போய்விட்டார், வேறொன்றும் இல்லை. அன்னமேரி வாயைத் திறக்காமல் சாப்பிட்டு, கையைக் கழுவி, வாசலில் நாலு பேர் நிற்கும்போது, தம்பி வீடு பெரிசாகத்தான் கட்டியிருக்கிறான், முட்டைக்குத்தான் இடம் பத்தவில்லை போல என்றாள். காலையிலிருந்து அடுப்பங்கரையில் வெந்திருந்த ஆரோக்கியசெல்வி, ஒரு முட்டைக்கா இந்தப் பாடு, நாளைக்கு ஒரு ட்ரேயே அனுப்பறேன் என்று சொல்லிவிட்டாள். அதோடு போயிருக்கும். மார்ட்டின் ஒரு வெகுளி. பெண்டாட்டி நிஜமாகச் சொல்கிறாள் என்று நம்பி, மறுநாள் காலையில் முப்பது முட்டை ட்ரே ஒன்றை அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போதும் மார்ட்டின் டூருக்கு வரவில்லை. ஆடு குட்டி போடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த ஆடு ஒரு மாதமாக அந்த மாதிரிதான் இருந்தது.

அன்னமேரிக்கு பஸ் என்றால் குமட்டும். அதனால் முன் சீட்டில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. எலுமிச்சம்பழத்தை வெட்டி உப்பில் தொட்டு நக்கிக்கொண்டே வந்தால் வயிறு அடங்கும். மற்றவர்கள் இதற்கு ஒரு சிட்டிகை உப்பு மடித்து எடுத்து வருவார்கள். அன்னமேரி எதையும் அளவாகச் செய்கிறவள் இல்லை. ஒரு பெரிய ஊறுகாய் பாட்டில் நிறையக் கல்லுப்பு கொண்டுவந்து மடியில் வைத்திருந்தாள். ராமதாஸ் சீட்டு பிரித்ததில் ஆரோக்கியசெல்விக்கு அவளுக்கு நேர் பின் சீட்டு வாய்த்தது. பக்கத்தில் பாஞ்சாலை. பாஞ்சாலையும் ஆரோக்கியசெல்வியும் இருபது வருஷமாக ஒரே வரப்பில் கூடை சுமப்பவர்கள். மஞ்சள் பையின் ரகசியம் அவளுக்கு மட்டும் தெரியும்.

பஸ் நகர்ந்ததும் ஜெபமாலை. வழக்கப்படி அன்னமேரி முன்பாதி சொல்ல, மற்றவர்களோடு ஆரோக்கியசெல்வி பின்பாதி சொன்னாள். நாலு வருஷமாக இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லிக்கொண்டது அதில் மட்டும்தான். அது பேச்சில் சேராது. மாதாவோடு பேசுவது. ஐம்பத்து மூன்று மணியும் முடிந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அன்னமேரி மட்டும் டிரைவரிடம், "மெதுவா போங்க பாய், கொடலு மேல வர்து" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். டிரைவர் கூனிமேட்டுக்காரர். பொறுமைசாலி. மாட்டு வண்டியெல்லாம் பஸ்ஸை முந்திப் போனது.

ராமதாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "வலது கை பக்கம் பாருங்க, ஏரி. இடது கை பக்கம் பாருங்க, நெல்லு." எல்லோரும் பார்த்தார்கள். வருஷம் பூராவும் வெள்ளையையே பார்த்துக் கண் கூசிப் போனவர்களுக்கு அந்தப் பச்சை பெரிய விஷயமாகத்தான் இருந்தது. நாற்று நட்டிருந்த வயலும், பனைமர வரிசையும், மழைத் தண்ணீரில் குளித்து எழுந்த மாதிரி கருகருவென்று பாறைகளும். ஆண்டவர் நம் பக்கம் வரும்போது கையில் வர்ணம் தீர்ந்துபோயிருக்கும் என்று பாஞ்சாலையிடம் சொன்னாள் ஆரோக்கியசெல்வி.

பெருமுக்கல் மலையடியில் பஸ் நின்றது. ஏறுகிற வழியில் அன்னமேரிக்கு மூச்சு வாங்கும், எங்காவது உட்காருவாள், அப்போது பையை நீட்டிவிடலாம் என்பது ஆரோக்கியசெல்வியின் கணக்கு. ஆனால் பின்னால் தம்பி பெண்டாட்டி வருகிறாள் என்று தெரிந்ததும் அன்னமேரி அறுபது வயதில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினாள். ஒரு இடத்திலும் உட்காரவில்லை. மூச்சு வாங்கியது ஆரோக்கியசெல்விக்குத்தான்.

மேலே கோயிலும் சுனையும் இருந்தன. குகைப் பாறையில் எந்தக் காலத்திலோ மனுஷர்கள் கீறிவைத்த கோடுகளை ராமதாஸ் காட்டினார். ஜனங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு கிழக்குப் பக்கம் போய் வரிசையாக நின்றுகொண்டார்கள். தூரத்தில், வானத்துக்கு அடியில், பளபளவென்று ஒரு கோடு தெரிந்தது. அதுதான் நம் அளம் என்றார்கள். இல்லை, அது கடல் என்றார்கள் சிலர். எந்தப் பாத்தி யாருடையது என்று கை நீட்டிச் சண்டை ஆரம்பித்தது. அளத்தை மறந்து ஒரு நாள் இருக்கட்டும் என்று கூட்டி வந்த ராமதாஸ், தானும் கண்ணை இடுக்கிக்கொண்டு தன் ஷெட்டைத் தேடினார்.

அன்னமேரி கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றாள். இதுதான் நேரம். நாலு நாளாக மனப்பாடம் செய்த வார்த்தைகளை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டு, ஆரோக்கியசெல்வி பையை முன்னால் பிடித்தபடி நடந்தாள். அன்னமேரிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. பையைப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு, உரிமையோடு கையை விட்டு வாழைப்பழச் சீப்பை எடுத்து, திரும்பவும் விட்டுக் கற்கண்டையும் எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறிவிட்டது. போவதற்கு முன்னால் வெற்றிலையின் ஓரத்தையும் கிழித்துப் பார்த்து, பிடிக்காமல் பைக்குள்ளேயே விட்டிருந்தது.

அன்னமேரி இத்தனையும் பார்த்துவிட்டு, பார்க்காதது போல இறங்கிப் போனாள்.

"வுடு செல்வி," என்றாள் பாஞ்சாலை. "ஆஞ்சநேயரே பழத்த வாங்கிக்கினாரு. யாரு வராட்டியும் அவரு வந்து கொழந்தைய தூக்கிடுவாரு."

செஞ்சிக் கோட்டையில் வெயில் தாளவே முடியவில்லை. மூன்று மலையையும் வளைத்துப் போட்ட மதிலை ஜனங்கள் கண்ணாலேயே ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். ராமதாஸ் போனில் பார்த்துப் பார்த்து ராஜாக்கள் பெயரைச் சொன்னார். பெண்களுக்கு ராஜா மேல் அக்கறை இல்லை. இத்தனை கல்லையும் தலையில் தூக்கிக்கொண்டு ஏறியவள் யார், அவள் சும்மாடு எதில் சுற்றினாள், அந்தச் சரிவில் கால் எப்படிப் பதிந்தது என்று பேசிக்கொண்டார்கள். நெற்களஞ்சியத்துக்குள் போனதும் பாஞ்சாலை நாலு மூலையும் அண்ணாந்து பார்த்து, இதை உப்பால் நிரப்ப நம் செட்டுக்கு ஒரு சீசன் போதாது என்றாள். ஆமாம் என்று எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். ராஜா பெரிய ஆள்தான் என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டார்கள்.

அன்னமேரி அங்கேயும் பிடி கொடுக்கவில்லை. ஆரோக்கியசெல்வி கல்யாண மகாலுக்குப் போனால் அவள் குளத்தங்கரையில் இருந்தாள். இவள் குளத்துக்கு வந்தால் அவள் குதிரை லாயத்தில் இருந்தாள். இப்படியே உச்சிவேளை ஆகிவிட்டது.

கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஏரிக்கரையோரப் புளியந்தோப்பில் பஸ் நின்றது. அடுப்பு, அண்டா, அரிசி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தொழுதுவிட்டு அப்படியே டயருக்குக் காற்றும் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று பாய் பஸ்ஸோடு செஞ்சிக்குப் போய்விட்டார். சோறு, கோழிக் குழம்பு, ரசம், ஆளுக்கு ஒரு முட்டை. முட்டை விஷயத்தில் இனி ஒரு குறை வரக் கூடாது என்று ஆரோக்கியசெல்வி நாற்பத்தெட்டு பேருக்கு அறுபது முட்டை எடுத்து வந்திருந்தாள். கிளம்பும்போது இரண்டு தடவை எண்ணினாள். பஸ் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் முட்டைக் கூடையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

குழம்பு தளதளவென்று கொதித்தது. மசாலா மணம் ஏரி வரைக்கும் போனது. ஆரோக்கியசெல்வி கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள். அப்புறம் அப்படியே நின்றாள்.

"பாஞ்சாலை, உப்பு எங்கடி?"

"நீ எட்த்தாரலியா?"

அவள் எடுத்து வரவில்லை. பாஞ்சாலையும் எடுத்து வரவில்லை. ராமதாஸ் சாமான் பட்டியலை விரித்துப் பார்த்தார். அரிசி முதல் பிரிஞ்சி இலை, தீப்பெட்டி வரைக்கும் முப்பத்தோரு சாமான் எழுதியிருந்தது. உப்பு மட்டும் இல்லை. இருக்காது. மரக்காணத்தில் எந்த வீட்டுப் பட்டியலிலும் உப்பு இருக்காது. வாசலில் மூட்டையில் கிடப்பதை யார் பட்டியலில் எழுதுவார்கள்? தண்ணீரை எழுதுவோமா, காற்றை எழுதுவோமா? யாராவது ஒரு பிடி அள்ளிப் போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருந்தார்கள்.

நாற்பது உப்புக்காரர்கள் மரத்தடியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஆரோக்கியசெல்விக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் சமைத்து ஒரு சாப்பாடு இதுவரை வீணானதில்லை. மாதாவே, முட்டையைப் பார்க்கச் சொன்ன நீ உப்பைப் பார்க்கச் சொல்லக் கூடாதா என்று வாய்க்குள் முனகினாள்.

ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை தெரிந்தது. நான் போகிறேன் என்று ராமதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் இரண்டு பாக்கெட் பிஸ்கட் இருந்தது.

"கடையில உப்பு இல்லியா மேஸ்திரி?" என்றாள் பாஞ்சாலை.

"இருந்துது."

"அப்பறம்?"

ராமதாஸ் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த ஊருன்னு கேட்டுட்டாரும்மா. மரக்காணம்னு சொல்லிட்டேன். சொன்ன வாயால எப்பிடி உப்பு கேக்கறது?"

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் பிஸ்கட்தான் வாங்கியிருப்பார்கள்.

அப்புறம், யாரும் சொல்லாமலே, எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. பக்கத்து மரத்தடியில் ஒரு கல்லின் மேல் அன்னமேரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஊறுகாய் பாட்டில். பாதி எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டு, நிதானமாக நக்கிக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலை தூது போனாள். போன வேகத்தில் வந்தாள். கேட்க வேண்டியவர்கள் கேட்டால் கொடுக்கலாம் என்று மரத்தைப் பார்த்துச் சொல்கிறாளாம்.

ஆரோக்கியசெல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லி முடிக்கிற தூரம்தான் அந்த மரம். நாலு நாள் மனப்பாடம் செய்த வார்த்தை ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

"அண்ணி," என்றாள்.

அன்னமேரி எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தாள்.

"உப்பு வேணும் அண்ணி."

"எத்தினி பேருக்கு?"

"நாப்பத்தெட்டு."

அன்னமேரி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். ஆரோக்கியசெல்வி கையை நீட்டினாள். அந்தக் கையை அன்னமேரி பார்த்தாள். பார்த்துவிட்டு, பாட்டிலைக் கையில் கொடுக்காமல், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கல்லின் மேல் வைத்தாள்.

என் கையைத் தொடக்கூட மனசு வரவில்லையே, இவளிடம் எப்படி ஞானத்தாயாக நில் என்று கேட்பது? ஆரோக்கியசெல்வி நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள்.

"எடுத்துக்க," என்றாள் அன்னமேரி. "உப்ப கையில குடுத்தா சண்ட வரும்."

பாஞ்சாலைக்குச் சிரிப்பு பீறிட்டது. "நாலு வருசமா மூஞ்சி குடுத்து பேசல. இன்னும் என்னாக்கா புது சண்ட வரப் போவுது?"

அன்னமேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு சண்ட போட்டது? நான் கோவமா இருக்கறேன். சண்ட வேற, கோவம் வேற."

கல்லின் மேல் இருந்த பாட்டிலை ஆரோக்கியசெல்வி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். சண்டை வந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறவளிடம் என்ன பயம்? இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் பையை அவிழ்த்து, வாடிப்போய், ஓரத்தில் குரங்கு கிழித்திருந்த வெற்றிலையையும் பாக்கையும் அதே கல்லின் மேல் வைத்தாள்.

"நம்ம ஆஷ்லின் கொழந்தைக்கு நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும் அண்ணி. பழம் இருந்துது. பெருமுக்கல்ல பூடுச்சி."

"பாத்தேன்," என்றாள் அன்னமேரி. வெற்றிலையைப் பார்த்தாள். எடுக்கவில்லை. "மொதல்ல போயி கொழம்புக்கு உப்பு போடு. கோழி வெறச்சிப் பூடும்."

பாட்டில் மொத்தமும் சோற்றுக்கும் குழம்புக்கும் ரசத்துக்கும் சரியாகப் போனது. பந்தி உட்கார்ந்தது. ஆரோக்கியசெல்வியே முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அன்னமேரியின் இலையில் ஒன்று வைத்தாள். கொஞ்சம் யோசித்து, இரண்டாவதையும் கையில் எடுத்தாள்.

"ஒண்ணு போதும்," என்றாள் அன்னமேரி, இலையிலிருந்து தலையைத் தூக்காமல். "ட்ரேயோட கவுத்துடாத."

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் பந்தியே குனிந்து சாப்பிட்டது. ஆரோக்கியசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. முட்டைக்குப் பதில் வந்துவிட்டது, வெற்றிலைக்கு வரவில்லை. கல்லைத் திரும்பிப் பார்த்தாள். வெற்றிலை இல்லை. அன்னமேரி எடுத்தாளா, தோப்பில் மேய்ந்த ஆடு தின்றதா என்று தெரியவில்லை. பாஞ்சாலையைக் கேட்டாள். அவளும் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பும்போது மூன்றரை மணி ஆகிவிட்டது. மறுபடியும் முன் சீட்டில் அன்னமேரி, பின் சீட்டில் ஆரோக்கியசெல்வி. காலையில் வந்த வேகத்தில் போனால் பூசை முடிந்து கோயில் கதவு சாத்திய பிறகுதான் ஊர் போய்ச் சேர முடியும். டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. முன்னால் இருப்பவளிடம் எலுமிச்சம்பழம் இருக்கிறது, உப்பு இல்லையே. நாற்பத்தெட்டு வயிற்றுக்குள் போய்விட்டதே.

திண்டிவனம் தாண்டியது. அப்போது அன்னமேரி திரும்பாமலே கேட்டாள்.

"சாமியாரு பேரு எப்ப கேட்டாரு?"

"இன்னிக்கு சாயந்திரம். பூசைக்கு முன்னாடி."

"இத காலையிலயே சொல்றதுக்கு என்னா?" என்றாள் அன்னமேரி. பிறகு சீட்டிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாய், என்னா இது, மாட்டு வண்டி மாதிரி ஓட்றீங்க? பூசைக்கு நேரமாவுது. வேகமா போங்க," என்றாள்.

பாய் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார். நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று ராமதாஸைப் பார்த்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த காலை ஆக்ஸிலேட்டரில் அழுத்தினார்.

அன்னமேரிக்கு மூன்று இடத்தில் வாந்தி வந்தது. மூன்று இடத்திலும் பஸ் நின்றது. மூன்று இடத்திலும் ஆரோக்கியசெல்வி இறங்கி, அவள் நெற்றியை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முதுகைத் தடவினாள். குனிந்தபோது அன்னமேரியின் இடுப்புச் செருகலில் வெற்றிலைக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. குரங்கு கிழித்த வெற்றிலைதான். ஆரோக்கியசெல்வி நெற்றியை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாயைக் கொப்பளித்து நிமிரும்போதெல்லாம் அன்னமேரி சொன்னது ஒன்றுதான்: "வண்டிய எடுங்க பாய்."

பூசைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போது பஸ் கோயில் வாசலில் நின்றது. சாமியார் பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். புழுதியும் வியர்வையுமாக இரண்டு பெண்களும் கதவடியில் போய் நின்றார்கள். அன்னமேரி தன் பேரைச் சொன்னாள். சாமியார் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததில் அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார்.

"செஞ்சிக் கோட்டைக்கு ஃபாதர்," என்றாள் ஆரோக்கியசெல்வி.

"எப்படி இருந்தது?"

கோட்டை எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அன்னமேரிக்கு வந்தது.

"எல்லாம் நல்லா இருந்துது ஃபாதர்," என்றாள். "கொழம்புலதான் உப்பு ஒரு கல்லு தூக்கல்."

ஆரோக்கியசெல்வி வாயைத் திறந்தாள். அந்த முப்பது முட்டை ட்ரே ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.